கார்னெல் ஹோஸி ஏற்றுக்கொண்ட தப்புகள்

ஆகஸ்ட் முடியப் போகிறது என்றால் டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் எவன் தொண்டையிலும் எதுவும் இறங்காது. முட்டை ஆறிக் கிடக்கும். வாஃபிள் மேல் ஊற்றிய பாகு உறைந்து கிடக்கும். ஆளாளுக்குக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அந்தக் கதவு வழியாகத்தான் லெஸ்டர் வருவான். லெஸ்டர் ஒன்றும் கெட்டவன் இல்லை. ஆபீஸ் வேலை பார்க்கிற சாதுவான மனுஷன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் காபி. ஆனால் அணியில் ஆள் குறைக்கிற அந்த வாரம் மட்டும் அவனுக்கு எமதூதன் என்று பெயர். ஒருத்தன் தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறாரு, டேப்லெட்டையும் எடுத்துக்க" என்றான் என்றால் தொலைந்தது. அணியின் ஆட்டத் திட்டமெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகு அவன் அணிக்காரன் இல்லை, சட்டையைக் கழற்றிவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

கார்னெல் ஹோஸி இந்தக் கண்டத்தை வருஷா வருஷம் தாண்டி வந்தவன். அவன் ரிசீவர், அதாவது ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கிற ஆள். வயது முப்பத்தொன்று. மற்றத் தொழிலில் அது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயது. இந்தத் தொழிலில் அவனைப் 'பெருசு' என்று கூப்பிட்டார்கள். போன வருஷக் கடைசியில் காரை எலும்பு முறிந்து, மைதானத்திலிருந்து வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டு போனார்கள். கூட்டம் எழுந்து நின்று மரியாதைக்குக் கை தட்டியது. அந்தக் கைதட்டல் அவனுக்கு இழவு வீட்டில் கேட்கிற ஆறுதல் மாதிரி இருந்தது. தன் ஆட்டம் அந்த வண்டியில் முடிந்ததாக இருக்கக் கூடாது, இன்னும் ஒரு வருஷம் சொந்தக் காலில் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அந்த ஒன்றைத்தான் அந்த வருஷம் அவனுக்குக் கொடுப்பதாயில்லை என்று பேச்சு வந்தது.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் டுபிரி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். டுபிரி ரிசீவர்களுக்கு மட்டும் கோச். தலைமைக் கோச்சுக்குக் கீழே வேலை பார்க்கிறவர். ஒரு காலத்தில் அவரும் பந்து பிடித்தவர்தான், கை விரல் ஒன்றாவது நேராக இருக்காது.

"கதவச் சாத்து," என்றார்.

"சாத்திட்டேன். சொல்லுங்க கோச்."

"உன் பேரு அந்தரத்துல தொங்குதுடா. இந்த வருஷம் அஞ்சு ரிசீவர் போதுங்கறார் புதுசா வந்த பெரிய கோச் கிராண்ட்ஸ். நாலு பேரு முடிவாயிடுச்சு. அஞ்சாவது நீயா, இல்ல டீக் பயலான்னு நிக்குது."

"டீக்கா? அந்தப் பய கையில பந்து நிக்காதே."

"நிக்காதுதான். ஆனா அவன் காலேஜ விட்டு இப்பதான் வந்திருக்கான், காத்தா ஓடறான். உனக்கு ஆட்டம் மறந்து போகுதுன்னு நெனக்கிறார் கிராண்ட்ஸ். பழைய வீடியோ அத்தனையும் உக்காந்து பாத்திருக்கார்."

"மறந்து போகுதா? எனக்கா?"

"எந்த வீடியோவப் போட்டாலும் நீதான நெஞ்சத் தட்டிக்கிட்டு நிக்கிற. அந்தாளு வேற என்ன நெனப்பாரு?"

கார்னெல் பயந்துதான் போனான். அது ஏனென்று தெரிய வேண்டுமானால் இந்த நெஞ்சு தட்டுகிற சமாசாரம் தெரிய வேண்டும்.

ஒரு ஓட்டம் இருக்கிறது. ரிசீவர் நேரே கொஞ்ச தூரம் ஓடுவான். எதிரணிக் காவல்காரன் தனக்கு உள்பக்கம், அதாவது மைதானத்தின் நடுப்பக்கம், நின்றால் இவன் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அவன் வெளிப்பக்கம் நின்றால் இவன் உள்ளே வர வேண்டும். கூப்பிட்டுச் சொல்ல நேரம் கிடையாது. பந்து எறிகிற குவார்ட்டர்பேக்கும் ஓடுகிற ரிசீவரும் ஒரே ஆளைப் பார்த்து, ஒரே நொடியில், ஒரே முடிவுக்கு வர வேண்டும். ஒருத்தர் தப்பாகப் பார்த்தாலும் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நோகாமல் எதிராளி எடுத்துக்கொண்டு ஓடுவான். மேலே உட்கார்ந்து பார்க்கிற ஜனத்துக்கு யார் தப்பு என்று எப்படித் தெரியும்? யார் நெஞ்சைத் தட்டுகிறானோ அவன் தப்பு. 'என்னுது, மன்னிச்சுக்குங்க' என்று அர்த்தம்.

மிசிசிப்பியில் கோழி வெட்டுகிற ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊரிலிருந்து வந்தவன் கார்னெல். பேர் தெரியாத காலேஜ். அணிகள் ஆள் எடுக்கிற நாளில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு நாய் கூப்பிடவில்லை. பிறகு மேற்கே ஓர் அணி போனால் போகிறதென்று சேர்த்துக்கொண்டது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நட்சத்திர குவார்ட்டர்பேக் தப்பாக எறிந்தபோது இவன் இரண்டு கையையும் விரித்து, 'நான் இங்கேயல்லவா இருக்கிறேன்' என்பது போல் நின்றான். டிவிக்காரன் அதையே திரும்பத் திரும்பக் காட்டினான். செவ்வாய்க்கிழமை லெஸ்டர் மாதிரி ஒருத்தன் வந்து தோளைத் தொட்டான். அன்றைக்குச் சூடு கண்ட பூனைதான் இவன். டொலீடோவுக்கு வந்து, இங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த ஹாலிஸ் முதல் தடவை தப்பாக எறிந்ததும், கையை விரிக்காமல் நெஞ்சில் தட்டினான். ஹாலிஸ் ஓடி வந்து தலையோடு தலை முட்டி, "பரவாயில்ல ஹோஸி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றான். அந்த ஆகஸ்டில் இவனை அனுப்ப நினைத்தபோது, 'அவன் இருக்கட்டும்' என்று ஹாலிஸ் சொன்னான். ஊருக்கே செல்லப் பிள்ளை ஹாலிஸ், அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதற்கப்புறம் வருஷத்துக்கு நாலைந்து தட்டு தட்டுவது கார்னெலுக்குச் சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் ஒன்றாகிவிட்டது.

இப்போது பழைய கோச் போய்விட்டார். கிராண்ட்ஸ் என்று ஒருத்தர் வந்திருக்கிறார். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பார். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார், அதுதான் பயம். பழைய கோச் காலத்தில் எந்த ஓட்டத்துக்கு எந்தக் கணக்கு என்று அவருக்குத் தெரியாது. ஆகவே நெஞ்சைத் தட்டினவன் யாரோ அவனையே குற்றவாளி என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க அவர்கிட்ட," என்றான் கார்னெல். "எது யார் தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல."

டுபிரி கோணல் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ஆறு வருஷமா நானும் தலையாட்டிட்டு இருந்துட்டு, இப்பப் போயி ஹாலிஸ்தான் பண்ணான்னு சொன்னா மொதல்ல என் டேப்லெட்டத்தான் வாங்குவாங்க. எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகணும்டா. நீ வேணா ஹாலிஸ்கிட்டயே கேளு. அவன் ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

வீட்டில் அவன் மனைவி ஷனீஸ் மீனைச் சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருக்கிறவள், யாராவது பொய் வயிற்றுவலி சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கார்னெல் சொல்லச் சொல்ல அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் எத்தன வருஷமாக் கத்திட்டிருக்கேன்? டிவில பாக்கற எனக்கே தெரியுது அவன் தப்பா எறியறான்னு. ஊரான் வீட்டுக் குப்பையெல்லாம் எதுக்கு உன் தலைல கொட்டிக்கிறன்னு கேட்டேனா இல்லையா?"

"அதுதான் நம்மள இந்த ஊர்ல வெச்சிருக்கு ஷனீஸ்."

"இப்ப அதுவே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுது, பாத்துக்க."

"ஹாலிஸ் சொல்லுவான். நல்ல பய."

"நல்ல பயதான், யாரு இல்லன்னா? நீ ஒவ்வொரு தடவ தட்டும்போதும் வந்து கட்டிப் புடிச்சுக்கறானே. அவனுக்கென்ன, கை வலிக்குதா?"

மீன் கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் பயிற்சி வலி போக ஹாலிஸ் ஐஸ் தொட்டியில் இடுப்பளவு உட்கார்ந்திருந்தான். டெக்சஸ்காரன், செம்பட்டை முடி, சிரித்தால் பல்லெல்லாம் தெரியும். கார்னெலும் பக்கத்துத் தொட்டியில் இறங்கினான். குளிரில் மூச்சு நின்று வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கால் விரலை அசைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பெருசு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"அஞ்சாவது எடத்துக்கு நானா டீக்கான்னு இருக்காம்."

"தெரியும். நானே சொல்லலாம்னு இருந்தேன். போன வாரமே கிராண்ட்ஸ்கிட்ட உனக்காகப் பேசிட்டேன்."

கார்னெலுக்கு உயிர் வந்தது. "என்ன பேசின?"

"பெருசுக்குக் கொஞ்சம் மறதி உண்டு, சில சமயம் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு கொழம்பிடுவான், ஆனா அவன மாதிரி மனுஷன் கெடைக்க மாட்டான், வெச்சுக்குங்கன்னேன்."

கார்னெல் அவன் முகத்தைப் பார்த்தான். கேலி செய்கிறானா என்று தேடினான். கேலி இல்லை. நிஜமாகவே உதவி செய்துவிட்ட திருப்தியில் இருந்தான் ஹாலிஸ்.

"டிசம்பர்ல பனி கொட்டுச்சே, அந்த ஆட்டம்," என்றான் கார்னெல் மெதுவாக. "கடைசியில ஒரு பந்து போச்சுல்ல. அது யாரு தப்புன்னு நெனக்கிற?"

"விடு பெருசு. நான் அத அப்பவே மறந்தாச்சு. என்னைக்காவது உன்மேல கோவப்பட்டிருக்கனா?"

அட கடவுளே, இவனுக்குத் தெரியவே தெரியாது. கார்னெல் இத்தனை காலமும் நினைத்திருந்தது, இது இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுகிற ஓர் உடன்படிக்கை, அவன் எறிவான், நான் சுமப்பேன், இரண்டு பேருக்கும் உண்மை தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான் என்று. ஹாலிஸோ தட்டின தட்டையெல்லாம் நம்பியிருக்கிறான். தன்னைப் பற்றி அவன் மனசில் இருந்தது நன்றி இல்லை, இரக்கம்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை கடைசிப் பயிற்சி ஆட்டம். 'நீ பார்க்கிறதே தப்பு' என்று இன்றைக்குச் சொன்னால் அவன் கை தயங்கும். கை தயங்கினால் இந்தப் பக்கம் எறியவே மாட்டான். பந்தே வராத ரிசீவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு, "ஆமா, நீ கோவப்பட்டதே இல்ல" என்று சொல்லித் தொட்டியை விட்டு எழுந்தான். முட்டாள்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது? நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

வியாழக்கிழமை ஏரிக் காற்று புழுக்கமாக அடித்தது. பயிற்சி ஆட்டம் என்றாலும் கூட்டம் நிரம்பியிருந்தது. புது கோச்சைப் பார்க்க வந்த கூட்டம். மற்ற அணிகளில் இந்த ஆட்டத்துக்குப் பெரிய ஆட்களை உட்கார வைத்துவிடுவார்கள். கிராண்ட்ஸ் அப்படி இல்லை, ஹாலிஸைக் கொஞ்ச நேரம் ஆட விட்டார். டீக்கும் கார்னெலும் மாறி மாறி இறங்கினார்கள். தான் அங்கே போட்டியில் நிற்கிறோம் என்பது டீக்குக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

டீக் முதல் பந்தையே நழுவவிட்டான். கார்னெலுக்கு வந்த பந்து காலுக்குக் கீழே வந்தது, குனிந்து புல்லிலிருந்து பொறுக்குவது போல் எடுத்தான். காரை எலும்பு ஒரு சத்தமும் போடவில்லை. அடுத்தது தலைக்கு மேலே. எகிறிப் பிடித்து, முதுகில் அடி வாங்கி, பந்தை விடாமல் எழுந்தான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. ஓரத்தில் டுபிரி கோணல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒன்று, ஒரே ஒன்று போதும் என்று கார்னெல் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஹாலிஸ் அந்த ஓட்டத்தை ஆடச் சொன்னான். உள்ளே வெளியே என்று பார்த்துத் திரும்புகிற அதே ஓட்டம்.

கார்னெல் போய்த் தன் இடத்தில் நின்றான். எதிரே நின்ற காவல்காரன் தலையை வெளிப்பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் போகப் போகிறவன் மாதிரி பாவனை காட்டினான். உடம்பு மட்டும் உள்ளேயே இருந்தது. இது பழைய ஏமாற்று, கார்னெல் எத்தனையோ பேரிடம் பார்த்தது. பந்து நகர்ந்தது. ஓடினான். காவல்காரன் உள்ளேதான். சந்தேகமே இல்லை. காலை ஊன்றி வெளிப்பக்கம் வெட்டித் திரும்பினான். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கையை நீட்டித் திரும்பிப் பார்த்தால் பந்து உள்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

காவல்காரன் அதை மடியில் விழுந்த மாம்பழம் மாதிரி வாங்கிக்கொண்டு ஓடினான். துரத்தினவர்கள் எவரும் அவனை எட்டவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அறைந்தான். கூட்டம் முழுக்க ஊ என்று ஊளையிட்டது.

கார்னெலுக்குத் தன் வலது கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது நெஞ்சில் இருந்தது. தட்டியாகிவிட்டது. ஒரு தடவை இல்லை, வழக்கம்போல இரண்டு தடவை. யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் நினைக்கவில்லை, கை தானாகப் போய் வேலையை முடித்துவிட்டது. பெரிய திரையில் அவன் தட்டுவதை பனையுயரத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட மனுஷனை அவன் அண்ணாந்து பார்த்தபடி வெளியே நடந்தான்.

கிராண்ட்ஸ் எல்லைக்கோட்டில் நின்றார். விதைத் தோலைத் துப்பினார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"யாருது?"

கார்னெல் வாயைத் திறந்தான். ஆறு வருஷமாகப் பழகிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினான்.

"என்னுது இல்ல கோச்."

"இப்பதான இத்தன ஜனத்துக்கு முன்னாடி நெஞ்சத் தட்டின?"

"கை தானாப் போயிடுச்சு."

ஹாலிஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தவன் இதைக் கேட்டு நின்றான். முகம் சிவந்திருந்தது. "என்ன பெருசு சொல்ற? நீ உள்ள வந்திருக்கணும்."

"அவன் உள்ள நின்னான் ஹாலிஸ்."

"வெளிய நின்னான்டா. என் கண்ணால பாத்தேன்."

"உள்ள நின்னான்."

கார்னெல் ஹாலிஸிடம் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிராண்ட்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலைல வீடியோ இருக்கு. அது சொல்லட்டும். ஹோஸி, போய் உக்காரு," என்றார். மீதி ஆட்டம் முழுக்க டீக்தான் ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை வீடியோ அறையில் ரிசீவர்களும் குவார்ட்டர்பேக்குகளும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. கார்னெல் ஓர் ஓரத்தில், கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான். மேலேயிருந்து எடுத்த படத்தைக் கிராண்ட்ஸ் ஓடவிட்டு நிறுத்தினார்.

"ஹாலிஸ். காவல்காரன் எங்க நிக்கிறான்?"

"வெளிய."

"பொறுமையாப் பாரு."

படம் பின்னால் போயிற்று, மறுபடி முன்னால் வந்தது. இருட்டில் விதை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஹாலிஸ் நாற்காலி நுனிக்கு வந்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டார்கள். டீக் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டான்.

"உள்ள நிக்கிறான்," என்றான் ஹாலிஸ்.

"அப்ப ஹோஸி எங்க போகணும்?"

"வெளிய."

"எங்க போனான்?"

"வெளியதான்."

"அப்ப யாருது?"

"என்னுது."

கார்னெல் தொடைக்குக் கீழிருந்து கைகளை எடுத்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது, இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஆறு வருஷத்தில் முதல் தடவை தப்பு தன்னுடையது இல்லை என்று நாலு பேர் முன்னால் ஆகியிருக்கிறது. முடிந்தது, இனி என்ன, டீக்குக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், வெளியே போனதும் ஷனீஸுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்தான்.

ஆனால் கிராண்ட்ஸ் விளக்கைப் போடச் சொல்லவில்லை.

"டுபிரி, பழைய ஆட்டத்துலயும் இந்த ஓட்டத்துக்கு இதே கணக்குதானா?"

டுபிரி தொண்டையைச் செருமினார். "இதே கணக்குதான்."

திரையில் பனி கொட்டியது. டிசம்பர் ஆட்டம். பந்து ஒரு பக்கம், கார்னெல் ஒரு பக்கம். "இது?" என்றார் கிராண்ட்ஸ். ஹாலிஸ் பார்த்தான். "என்னுது" என்றான். அதற்கு முந்தின வருஷத்து வீடியோ வந்தது. "என்னுது." அதற்கும் முந்தினது. ஒவ்வொன்றின் முடிவிலும் கார்னெல் நெஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றான், ஒன்றில் இளைத்து, ஒன்றில் தாடி வைத்து, ஒன்றில் சேற்றோடு. ஹாலிஸின் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. கார்னெலுக்கு வந்த நிம்மதியும் அதோடு சேர்ந்து வடிந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ஹாலிஸ் திரையை விட்டுத் திரும்பி, இருட்டில் அவனைத் தேடினான்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்," என்றான் கார்னெல்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே இருந்த சோளக் கஞ்சியைக் கார்னெல் கிளறிக்கொண்டிருந்தபோது லெஸ்டர் வந்தான். நேரே டீக் இருந்த மேஜைப் பக்கம் போனான். டீக்கின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. லெஸ்டர் அவனைத் தாண்டி வந்து கார்னெலின் தோளைத் தொட்டான்.

கிராண்ட்ஸ் அவனை உட்காரச் சொன்னார். விதைக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உன்னத் தப்பா நெனச்சிட்டேன். நீ எதையும் மறக்கல. அத்தன வீடியோலயும் நீ தப்பாத் திரும்பின எடம் ஒண்ணுகூட எனக்குக் கெடைக்கல."

"அப்ப எதுக்கு என்னக் கூப்பிட்டீங்க கோச்?"

"அதுக்காகத்தான். ஹாலிஸுக்கு இருபத்தொம்பது வயசு. தனக்கு இதப் பாக்கத் தெரியலங்கறது இன்னைக்குக் காலைலதான் அவனுக்குத் தெரியுது. தப்பு பண்றவன நான் திருத்திடுவேன். காச்சல் அடிக்கறவன்கிட்ட உடம்பு ஜில்லுனு இருக்குன்னு நீ ஆறு வருஷமாச் சொல்லியிருக்க. அவன் எப்படி மருந்து சாப்பிடுவான்?"

"அவனக் காப்பாத்தத்தான் பண்ணேன்."

"அவனையா?"

கார்னெல் கெஞ்சுகிறோமே என்ற வெட்கத்தையும் விட்டுவிட்டு, "இனிமே தட்ட மாட்டேன் கோச். சத்தியமா," என்றான்.

"நேத்து தட்டக் கூடாதுன்னுதான நெனச்சிருப்ப?"

"ஆமா."

"தட்டினியே. உன் கை உன் பேச்சக் கேக்கல. நீ பக்கத்துல இருந்தா அவன் மறுபடியும் தெரிஞ்சுக்காமயே இருப்பான். டீக் பந்த நழுவவிடுவான், ஆனா பொய் சொல்ல மாட்டான், அவனுக்கு இன்னும் அது தெரியாது." குரல் தணியவில்லை, கோபம் இல்லை. அதுதான் கார்னெலுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "எனக்கு வேற வழி தெரியல ஹோஸி."

கார்னெல் டேப்லெட்டை மேஜைமேல் வைத்தான். இந்த ஆளைத் திட்ட வேண்டும் என்று இருந்தது, ஆனால் திட்டுவதற்கு ஒரு பொய்யும் அவர் சொல்லவில்லை. காலணி, கையுறை, இரண்டு துண்டு, ஷனீஸ் கொடுத்த தைல டப்பா, எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். அனுப்பப்படுகிற எல்லாருக்கும் கொடுக்கிற பை அதுதான்.

கார்கள் நிற்கிற இடத்தில், கார்னெலின் வண்டியில் சாய்ந்துகொண்டு ஹாலிஸ் நின்றான். அழுதிருக்கிறான் என்று தெரிந்தது.

"நான் மறுபடி போய்ப் பேசினேன். கேக்க மாட்டேங்கறார்."

"தெரியும். விடு."

"வேற அணில யாரையாவது கூப்பிட்டுச் சொல்லவா?"

"சொல்லு. எவனும் எடுக்க மாட்டான், ஆனா சொல்லு." பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினான் கார்னெல். வண்டியில் ஏறப் போனவன் நின்றான். "ஹாலிஸ், நீ காவல்காரன் தலையப் பாக்கற. அவன் தலைய எந்தப் பக்கம் வேணா திருப்புவான், உன்ன ஏமாத்தறதுக்கு. இடுப்பப் பாரு. இடுப்பு பொய் சொல்லாது."

ஹாலிஸ் அசையாமல் நின்றான். அவன் கண் ஏதோ ஒன்றைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற மாதிரி அலைந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத ஏன்டா ஆறு வருஷமா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன ஆறு வருஷம் வெச்சிருப்பியா?"

ஹாலிஸ் வண்டியை விட்டு விலகி வழி விட்டான். கார்னெல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, ஷனீஸிடம் சொல்வதற்காக அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.